டைனோசருக்குப் பல் கட்டிய கதை

எனக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் உட்கார்ந்து, டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பவன். ஆட்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவர்களுடைய ஈறும் அண்ணமும் மிச்சமிருக்கிற பல்லும் வெள்ளைச் சுண்ண அச்சாக என் மேஜைக்கு வரும். அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. இவர் இடது பக்கமாகவே மெல்லுகிறவர், இந்த அம்மாள் உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர், இவர் வெற்றிலைக்காரர். இருபது வருடமாக இப்படிச் சொல்லிச் சொல்லி, ஊரில் யாருக்குப் பல்லில் என்ன வந்தாலும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வாயைத் திறந்து காட்டுகிற பழக்கமே வந்துவிட்டது. அந்தத் திமிரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். டைனோசர் நடுவில் வரும்.

தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில், தென்னையும் ரப்பரும் கலந்து நிற்கிற ஒரு விளையில் அக்காவின் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. அத்தானுக்குச் சவூதியில் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மூன்று நேரமும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்காவுக்கு ஒரே ஒரு பெண் பிள்ளை. அப்போது ஏழு வயது. என் மேஜையிலிருந்து உடைந்த பல் செட்டுகளை எடுத்துப் போய், பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளைப் பயமுறுத்தி டீச்சரிடம் அடி வாங்கி வருகிற ஜாதி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது, அக்கா செருப்பு மாட்டி, கையில் குடையோடு முற்றத்தில் நின்றாள். பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"காலுல கீறியிருக்குடே. வேலிக்கம்பி கீறினதுன்னு சொல்லுகா. எனக்கு என்னமோ நாயின்னு தோணுது. ரப்பர் ஷீட்டு அடிக்க புரையில ஒரு நாய் குட்டி போட்டுக் கெடக்குல்லா? எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு ஊசி போட்டுட்டு வந்துரட்டு" என்றாள்.

நான் முழங்காலிட்டு உட்கார்ந்து, போன் வெளிச்சத்தை அடித்துக் காலைப் பார்த்தேன். கெண்டைக்காலில் இரண்டு கோடு, மூன்று விரல் நீளம். லேசாக ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. நாய் கடித்தால் பல் வளைந்து பதியும், மேல்தாடையும் கீழ்த்தாடையும் எதிரெதிராகத் தெரியும். இது அப்படி இல்லை.

"இது பல்லே இல்ல அக்கா. கம்பிதான். நான் தெனமும் பல்லுலதானே கெடக்கேன், எனக்குத் தெரியாதா? எதுக்கு பிள்ளைய போட்டு ஊசி குத்த வைக்க?"

பிள்ளையின் அழுகை அந்த நிமிஷமே நின்றது. "மாமா சொல்லியாச்சு, கேட்டியாம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அக்கா என்னைப் பார்த்தாள். குனிந்து காலை ஒருமுறை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டாள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போய்ச் சாளை மீன் கறி ஊற்றிச் சோறு சாப்பிட்டோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு பல நாளும் சொல்லவில்லை. ஒரு கோட்டின் கீழ்முனையில் குண்டூசித் தலையளவு ஓர் ஓட்டை இருந்தது. பார்த்தேன். கம்பி முள் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நான் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, அந்த ஓட்டை அதற்கு ஒத்துவரவில்லை, அதனால் அதன்மேல் பஞ்சில் மருந்தை ஒற்றி மூடிவிட்டேன்.

ஏழு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கால் குறுகுறுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் காலையில் அக்கா தண்ணீர் டம்ளரை நீட்டினாள். பிள்ளை வாய்ப்பக்கம் கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொள்ள, டம்ளரைத் தட்டிவிட்டது. "வெள்ளம் வேண்டாம் மாமா. அத அங்க கொண்டு போவச் சொல்லு மாமா." எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. வெறிநாய்க்கடி என்று அக்காவுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. நாலாவது நாள் எல்லாம் முடிந்தது. அந்த நாலு நாளையும் எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதவும் கூடாது.

அடக்கம் முடிந்த பிறகு, பிள்ளையோடு படித்த ஒரு சிறுமி அவளுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேருமாகத்தான் புரைக்குக் குட்டி பார்க்கப் போனார்களாம். தாய் நாய் பாய்ந்து வந்ததாம். அம்மா திட்டுவாள் என்று பயந்து எங்கள் பிள்ளைதான் அவளையும் வேலிக்கம்பி என்று சொல்லச் சொன்னதாம். அந்த நாய் அதற்கடுத்த வாரமே செத்துக் கிடந்ததை யாரோ குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நாய் செத்தால் யார் யாரிடம் சொல்லப் போகிறார்கள்?

அத்தான் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுச் சவூதிக்குத் திரும்பிப் போனார். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதானே வேண்டாமென்றாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், காலில் விழுந்திருப்பேன். தினமும் வழக்கம்போலத் தட்டு வைத்தாள், மீனில் நடுத்துண்டை எனக்கு வைத்தாள். துக்கத்தில் அந்தச் சனிக்கிழமையையே மறந்துவிட்டாள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சௌகரியமான நினைப்பு. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன்.

கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். எங்களுடையது மிஷனரிகள் காலத்துக் கிறிஸ்தவ சபை, சர்ச்சைத்தான் கோயில் என்போம். ஞாயிற்றுக்கிழமை வராத ஆளை வீடு தேடி வந்து விசாரிப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள், தெய்வ சித்தம் என்று. தோட்டக்காரன் நல்ல பூவைத்தான் பறிப்பான் என்று ஒரு அம்மாள் சொன்னாள். அக்கா அந்த அம்மாளுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் போன பிறகு டம்ளரை முற்றத்தில் விட்டெறிந்தாள். போதகர் வந்தபோது நேரடியாகவே கேட்டாள். "அந்த நாய்க்க பல்லையும் அவருதானே செய்தாரு? எதுக்குன்னு செய்தாரு?" போதகர் நல்ல மனிதர். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

பிறகு அதையே என்னிடம் கேட்டாள். நான் போதகரைப்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் பல் தெரியுமே! மனுஷன் வருவதற்குக் கோடி கோடி வருடத்துக்கு முன்னாலேயே ஒன்றை ஒன்று கடித்துத் தின்றுகொண்டிருந்த மிருகங்கள் உண்டு, அவற்றின் பல் கல்லாகி இன்றைக்கும் கிடைக்கிறது, டைனோசர் பல்லை ஒருமுறை பார்த்தால் போதும், அது கறி கிழிக்க அமைந்த பல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். போனில் படமும் எடுத்துக் காட்டினேன்.

"அப்பம் முதல்லேருந்தே இப்படித்தானா? ஆதாம் ஏவாளுக்கெல்லாம் முந்தியே?"

"முதல்லேருந்தே."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கிணற்றுச் சுவரில் காலை உள்பக்கமாகத் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பின்னாலிருந்து போய் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவள் திமிறவில்லை. "சாவும் தெய்வத்துக்க கணக்குல உள்ளதுதான்னா, பிறவு நான் ஆருகிட்ட போயி நிக்க?" என்று மட்டும் கேட்டாள். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டினேன். சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் மே மாதத்துக்கு முன்னால், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி ஆசிரியர்களுக்கு எங்கள் கோயிலில் பயிற்சி வைத்தார்கள். பள்ளி விடுமுறையில் பத்து நாள் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கைவேலையுமாக நடக்கும், கடைசி நாள் ஊரைச் சுற்றிப் பேரணி. பாடம் நடத்த வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். இன்ஜினியராம். சட்டையை உள்ளே விட்டு, லேப்டாப்பும் கையுமாக, திக்காமல் பேசினார். பக்கத்து வீட்டு அம்மாள் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கிணற்றுச் சம்பவத்துக்குப் பிறகு அவளைத் தனியே விடுவதில்லை என்பதால் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு டைனோசரின் மண்டையோடு வந்தது. வாய் நிறையப் பல். பூமிக்கு வயது ஆறாயிரம் வருடம்தான் என்றார் அவர். இந்த மிருகத்தையும் தேவன் ஆறாம் நாளில்தான் உண்டாக்கினார், மனுஷனை உண்டாக்கிய அதே நாளில். ஏதேனில் சாவே கிடையாது. அதனால் எந்த மிருகமும் எதையும் கொல்லவில்லை, எல்லாம் இலையும் காயும் தின்றன. ஆதாம் பாவம் செய்த பிறகுதான் சாவு உள்ளே வந்தது, கறி தின்பது வந்தது. நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் மண்ணுக்குள் போனவைதான் இன்றைக்குத் தோண்டி எடுக்கிற எலும்புகள். "இவ்வளவு பெரிய பல் எதற்கு என்று கேட்பீர்கள். தேங்காய் மாதிரி கெட்டியான காய்களை உடைக்க!" என்றார்.

தேங்காய் என்றதும் எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? கொப்பரை வியாபாரம் செய்கிற ஒருவர் எழுந்தார். "சார், தேங்காய்க்க மட்டைத் தொண்டு தொலிக்க எங்களுக்கே கம்பிப்பாரை வேணும். பல்லால தொலிச்சா ஈறு பிஞ்சி கையில வந்துரும். பிறவு இவருக்கிட்டத்தான் வரணும்" என்று என்னைக் கை காட்டினார். சபையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு பொங்கி வந்தது. முன்னால் இருந்த அக்காவின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன், சிரிப்பு அப்படியே செத்துப்போனது. அவள் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து, வாயைச் சற்றே திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் எழுந்தாள். "அப்பம் நாயும்?"

அவருக்கு இவள் கதை தெரியாது. "நாயும்தான் அம்மா. கடிப்பதற்கென்று தேவன் ஒரு பல்லைக்கூட உண்டாக்கவில்லை" என்றார்.

அக்கா அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை போன அன்றைக்கும் அழாத அழுகை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே என்னை எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த இன்ஜினியர் சொன்னதில் ஒன்றையும் நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் என்னிடமிருந்த உண்மை அக்காவைக் கிணற்றுச் சுவரில் உட்கார வைத்தது. அவர் சொன்னது அவளை எழுந்து சோறு வைக்கச் செய்தது. இதற்கு மேல் நான் எந்த மூஞ்சியோடு வாதம் பண்ணுவது? ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. பாவம்தான் பல்லைக் கெடுத்தது என்றால், அந்தச் சனிக்கிழமை செய்த பாவம் யாருடையது? ஆதாம் எங்கள் முற்றத்தில் நிற்கவில்லையே.

பேரணிக்கு ஏதேன் தோட்டம் ஒன்றை மினி லாரியில் கட்டுவதென்று முடிவானது. நடுவில் டைனோசர். அக்காவே முன்னின்று கேட்டு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டுகிற வாலிபர் சங்கத்து ஆட்கள் கமுகு வாரியும் கம்பியும் சிமெண்டுச் சாக்குமாக உடம்பைக் கட்டினார்கள். பல்லுக்கு முதலில் மயிலாடியில் சிலை கொத்துகிற ஒருவரிடம்தான் போனார்கள். யாளிப் பல்தான் தன் கைக்கு வரும், கல்லில் செய்தால் உங்கள் மிருகம் குப்புற விழுந்துவிடும் என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். பிறகுதான் அக்கா பஸ் ஏறி என் கடைக்கு வந்தாள். ஏறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்னால், "பல்லு நீதான் கட்டணும்" என்றாள்.

"இலை திங்க மிருகத்துக்கு மழுங்கின பல்லுதான் அக்கா சரி. மாட்டுக்கு உள்ளது மாதிரி. அப்படியே செய்துரட்டா?"

"வேண்டாம். கூராத்தான் இருக்கணும்."

"எதுக்கு?"

"மழுங்கின பல்ல வச்சா, பல்லு மழுங்கினதுனால கடிக்கல்லன்னு ஆயிரும். கூரா இருந்தும் கடிக்கல்லன்னு இருக்கணும். நாய்க்கும் கூராத்தானே இருந்திச்சு?"

நான் தலையாட்டினேன். கறி கிழிக்கும் பல் எப்படி உள்நோக்கி வளைந்திருக்குமோ அப்படியே, பிளாஸ்டர் உருவுக்கு மேல் பல் செட்டுப் பசையை ஏற்றி, நாற்பது பல் செய்தேன். ரோஸ் நிறத்தில் ஈறு வைத்தேன். கீழ்த்தாடையை ஏற்றி இறக்க சைக்கிள் பிரேக் வயர் கட்டினேன். வேலை முடிந்ததும், பழக்கம் விடாமல், நடுவில் நீலக் கார்பன் தாள் வைத்துத் தாடையை மூடிக் கடி பார்த்தேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கேயும் ஒன்றோடொன்று உட்காரவில்லை. தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இப்படிப்பட்ட வாயால் எதையும் சவைக்க முடியாது, கவ்விக் கிழிக்கத்தான் முடியும். "ஓலை வச்சா நழுவிரும் அக்கா" என்றேன். "பிடிச்சாப் போரும், சவைக்காண்டாம்" என்றாள்.

பிறகு ஒவ்வொரு பல் நுனியிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பதையும் தொட்டாள்.

"குத்துமா?"

"குத்தும். பிள்ளைங்க பக்கத்துல நிக்கும், நுனிய மட்டும் அரத்தால லேசா ராவி விடுகேன்."

"ஒண்ணயும் ராவாண்டாம்."

என் தொழிலில் கூரான நுனியோடு எதுவும் கடையை விட்டு வெளியே போகாது. ராவியிருக்க வேண்டும். அக்காவை எதிர்த்துப் பேசும் யோக்கியதை எனக்கு இல்லை என்ற நினைப்பில், மறுபடியும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன்.

பேரணி அன்று காலையில் மழை தூறி வெயிலும் அடித்தது. லாரியில் குரோட்டன்ஸ் செடிகளும் வாழைக் கன்றுகளும். நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த டைனோசர், வாயில் ஒரு தென்னங்கீற்று. அதன் கீழே ஆதாமும் ஏவாளுமாக இரண்டு பிள்ளைகள், துணிக்கு மேல் இலை தைத்துக்கொண்டு. நான் மிருகத்தின் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து பிரேக் வயரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கும், மூடும். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். அக்கா லாரியோடு கூடவே நடந்து வந்தாள். பிள்ளைகள் கோஷம் போட்டபோது அவளும் கை தூக்கிக் கத்தினாள்.

மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. மீன் கழிவு கொட்டுகிற இடத்திலிருந்து ஏழெட்டு நாய்கள் கிளம்பி வந்து, டைனோசரைப் பார்த்துக் குரைத்தன. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஓடி லாரியில் ஏறி, அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் முன்னால் கையை விரித்து நின்றாள். நாய்கள் கொஞ்ச நேரம் குரைத்துவிட்டுப் போய்விட்டன.

அந்தக் களேபரத்தில் தென்னங்கீற்று நழுவிவிட்டது. ஏவாளாக நின்ற பிள்ளை, எட்டு வயதிருக்கும், அதைச் சரியாக வைக்க எட்டிக் கையை உள்ளே விட்டது. டிரைவர் அந்த நேரம் பார்த்து வண்டியை எடுத்துச் சட்டென்று நிறுத்தினார். என் கையிலிருந்த வயர் நழுவியது, தாடை விழுந்தது. பிள்ளை வீறிட்டுக் கையை உருவியது.

நான் குதித்து வந்து அதன் கையைப் பிடித்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு கோடு, மூன்று விரல் நீளம். ரத்தம் கசிந்தது. அது பிளாஸ்டரும் பசையும். எச்சில் கிடையாது, கிருமி கிடையாது, சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்தால் ஆறிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. "ஒண்ணுமில்ல மோளே, ஒண்ணுமில்ல, மாமா பாக்கட்டு" என்று சொல்லி, போன் வெளிச்சத்தைப் போடப் பையில் கையை விட்டேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "நீ பாக்காண்டாம்."

கோஷம் நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"நீ பாத்தது போரும்" என்றாள்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் டைனோசரின் வாயருகே நின்றேன். என்னவென்று யாரும் கேட்கவில்லை. பேரணி என்னைத் தாண்டிப் போனது. அவள் எதையும் மறக்கவில்லை. ஒரு நாள்கூட, ஒரு வேளைச் சோறுகூட, மறந்து எனக்குப் பரிமாறவில்லை.

சாயங்காலம் நான் விளக்குப் போடாமல் என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா இரண்டு டம்ளரில் கட்டன் சாயாவோடு வந்து, ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு ஒரு ஊசி போட்டாச்சு. நாய்க்கு உள்ள ஊசியும் போடச் சொன்னேன். டைனோசருக்கு ஊசி இல்லம்மான்னு நர்ஸ் பிள்ளை சிரிச்சிட்டு" என்றாள். அவளும் லேசாகச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, அண்ணைக்கு அந்தக் கீறலுக்குக் கீழ ஒரு ஓட்டை இருந்திச்சு. குண்டூசி அளவுக்கு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டேன். அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நானும் பாத்தேன்டே" என்றாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"நீ சொன்ன பிறவு குனிஞ்சு பாத்தேம்லா, அப்பம் கண்டேன். நல்ல வெயிலு. பஸ்ஸுக்கு நிக்கணும், ஊசின்னா பிள்ளை பின்னயும் அழுவா, கறி அடுப்புல கெடக்கு. நீ பல்லு தெரிஞ்சவன், நீயே சொல்லியாச்சு. செருப்பக் கழத்தினேன். நீ கழத்தச் சொல்லல்ல, நானாத்தான் கழத்தினேன்."

அவள் சாயாவைக் குடித்து முடித்தாள். குரல் உடையவில்லை.

"முதல்லேருந்தே கடிக்கப் பல்லுதான்னு நீ சொன்னியே, அப்படிப் பாத்தா குத்தத்துக்கு நீயும் நானும்தான் மிச்சம். வேற ஆரு தலையில போட? ஆதாம்னு ஒருத்தன் செய்தான், அதுல எல்லாம் கெட்டுப்போச்சு, நாயும் கெட்டுச்சு, நாமளும் கெட்டோம்னு அந்த சாரு சொன்னாரு. அத வச்சித்தான் ரெண்டு பேரும் ஒரு சட்டியில தின்னிட்டிருக்கோம். நீ நம்பாண்டாம். அது இல்லன்னு மட்டும் என்கிட்ட இனி ஒருக்கா சொல்லாத."

சொல்லவில்லை. டைனோசர் இப்போது கோயிலுக்குப் பின்னால் சாமான் அறையில் நிற்கிறது. மறுநாளே போய் அரத்தை எடுத்து நாற்பது பல்லையும் ராவினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்று அதன் வாயைத் தொட்டுக்கொண்டே, இதற்கு எத்தனை வயது என்று என்னிடம் கேட்டது. அக்கா சற்றுத் தள்ளித் தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய துடைப்பம் நின்றது.

ஆறாயிரம் என்றேன். அக்கா மறுபடியும் பெருக்கத் தொடங்கினாள்.